சாதுவான ராட்சத மலைப்பாம்பு வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"பெரிய மலைப்பாம்புகளில் எது ரொம்ப சாது?" பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறார்கள், பதிலும் உடனே கிடைத்துவிடுகிறது: பர்மிய மலைப்பாம்பு. பதில் தப்பில்லை. ரெட்டிகுலேட்டட் (உடம்பில் வலை போன்ற கோலம் கொண்ட மலைப்பாம்பு), ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பர்மியப் பாம்பு பொதுவாக அமைதியானதுதான். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் நம்பி முடிவெடுப்பதுதான் முதல் தவறு, ஏனென்றால் இவ்வளவு பெரிய பாம்பிடம் நாம் பயப்பட வேண்டியது அதன் கோபத்துக்கு அல்ல, பசிக்கு.

பயந்துபோன பாம்பு கடித்தால் சட்டென்று கடித்துவிட்டு விலகிவிடும். ரத்தம் வரும், வலிக்கும், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இரை என்று நினைத்துக் கடித்தால் விடாது. பின்பக்கமாக வளைந்த பற்களால் பிடித்துக்கொண்டு மறுநொடியே உடம்பைச் சுற்றும், ரத்த ஓட்டமே தடைபடும் அளவுக்கு இறுக்கும். பல வருடங்களாக உங்கள் மடியில் சுருண்டு கிடந்த பாம்பும், கையில் எலி வாசனை ஒட்டியிருந்தால் இதைச் செய்யும். அதன் உதட்டோரம் வரிசையாக இருக்கும் சின்னக் குழிகள் உடல் சூட்டை உணர்பவை. கூண்டுக்குள் நுழையும் உங்கள் கை அதற்கு முதலில் ஒரு சூடான பொருள், அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் பாம்பைக் கவனியுங்கள். கழுத்து 'எஸ்' எழுத்து மாதிரி மடிந்து, தலை உங்கள் கையையே பின்தொடர்ந்து, நாக்கு வேகவேகமாக வெளியே வந்து போனால் அது சாப்பாட்டை எதிர்பார்க்கிறது. அப்போது கையை நீட்டாதீர்கள். நீளமான பாம்புக் கொக்கியால் உடம்பை மெதுவாகத் தொட்டுத் தடவுங்கள், அந்தக் கழுத்து தளர்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்படியே செய்தால், கொக்கி தொட்டால் இரை வராது என்று பாம்புக்குப் பழகிவிடும். 3 மீட்டரைத் தாண்டிய பாம்பைத் தனியாளாகக் கையாளவே கூடாது, பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். சுற்றிக்கொண்டால் வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, வாங்கும் இடத்தில் நடக்கும் தவறுக்கு வருவோம். கையில் கொடுத்ததும் அசையாமல் கிடக்கிறது, உடனே "எவ்வளவு சாது பாருங்க" என்று மயங்கிவிடுகிறோம். பாம்பு குளிரில் இருந்தால் எந்தப் பாம்பும் மந்தமாகத்தான் இருக்கும். 31, 32 டிகிரி செல்சியஸ் வரை சூடான மூலை கொண்ட கூண்டில் இருக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள், முடிந்தால் வேறொரு நாளும் போய்ப் பாருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. கண் நீலம் பூத்து, சட்டை உரிக்கத் தயாராக இருக்கும் பாம்புக்குப் பார்வை மங்கியிருக்கும், அந்த நேரத்துச் சீற்றத்தை வைத்து அதை முரட்டுப் பாம்பு என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. பயத்தில் சீறும் குட்டிகள் பல, முறையாகப் பழக்கினால் அடங்கிவிடும். காட்டில் பிடித்து வந்ததை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், பயமும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே வரும்.

நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை. கருநிறமி இல்லாமல் பிறக்கும் மஞ்சள் 'அல்பினோ' பாம்பு அழகுதான், அதற்காக அது கூடுதல் சாது ஆகிவிடாது.

அளவு விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பர்மியக் குட்டி பிறக்கும்போது அரை மீட்டர்தான் இருக்கும், நன்றாகச் சாப்பிட்டால் முதல் வருடத்திலேயே 2 மீட்டரை நெருங்கும். வளர்ந்த பெண் பாம்பு 4 மீட்டரைத் தாண்டும், எடை 40 கிலோவுக்கு மேலும் போகும். ஆண் இதைவிடச் சிறியது, அதனால் பாலினம் தெரியாமல் வாங்காதீர்கள். சின்னக் கூண்டில் வைத்தால் சின்னதாகவே இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பட்டினி போட்டு வளர்ச்சியைத் தடுப்பது கொடுமை. ரெட்டிகுலேட்டட் பாம்பில் இந்தோனேசியாவின் ஜம்பியா, கலாத்தோவா தீவுகளிலிருந்து வந்த குட்டை ரகங்கள் உண்டு. ஆனால் 'குட்டை ரகம்' என்று விற்கப்படுபவற்றில் பல, பெரிய ரகத்தோடு கலந்தவை. தாய் தகப்பன் பாம்புகளை நேரில் பார்க்காமல் அந்தப் பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு தவறு. மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வருகின்றன, பல இடங்களில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். வளர்க்க முடியாமல் காட்டில் விடுவது அதைவிட மோசம். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் இன்று பெருகிக் கிடக்கும் பர்மியப் பாம்புகள், வளர்ப்புப் பிராணி வியாபாரத்தின் வழியாக அங்கே வந்து சேர்ந்தவைதான். அங்கிருந்த முயல், ரக்கூன் போன்ற விலங்குகள் பெருமளவு அழிந்துபோனதற்கு அவைதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே இனத்தில் நன்கு வளர்ந்த பெண் பாம்பு ஒன்றை, வளர்ப்பவர் பக்கத்தில் இருக்கும்போது, இரண்டு பேராகச் சேர்ந்து தூக்கிப் பாருங்கள். கூண்டைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும், 20 வருடத்துக்கும் மேலாக, நீங்கள் தூக்க வேண்டிய கனம் அது.