இ.ஏ.இ. சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோயை ஒத்ததாக, ஆய்வகத்தில் சுண்டெலிகளில் நாம் வரவழைக்கும் நோய்தான் இ.ஏ.இ. (experimental autoimmune encephalomyelitis). ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர் ஒருவர் சென்ற வாரம், அதில் ஒரு மருந்தைச் சோதித்த தன் வரைபடத்தைக் காட்டினார். மருந்து பெறாத சுண்டெலிகளின் நோயின் கடுமையைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏற, மருந்து பெற்றவற்றின் கோடு தரையோடு கிடந்தது. "மருந்தை எந்த நாளில் தொடங்கினீர்கள்?" என்று கேட்டேன். "நோயைத் தூண்டிய அன்றே" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

குறிப்பேடு எழுத மறப்பது போன்ற பிழைகளை எல்லோரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். இங்கே சொல்லப்போவது அவற்றைப் பற்றியல்ல.

தடுப்பைச் சிகிச்சை என்று எழுதுவது

இந்த நோயைச் சுண்டெலியில் வரவழைக்க, நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறையின் புரதத் துண்டு ஒன்றை எண்ணெய்க் குழம்பில் கலந்து தோலுக்கடியில் செலுத்துகிறோம். அன்றும் இரண்டு நாள் கழித்தும் பெர்டுசிஸ் (கக்குவான் இருமல்) கிருமியின் நச்சு கொடுக்கிறோம். டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் முதலில் நிணநீர் முடிச்சுகளில் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. தண்டுவடத்துக்குள் நுழைவது அதன் பிறகுதான். நோயின் முதல் அறிகுறியாக வால் தளர்வதற்குப் பெரும்பாலும் 9 முதல் 14 நாட்கள் ஆகும்.

முதல் நாளிலேயே கொடுத்த மருந்து அந்த டி செல்களை உருவாகவே விடாமல் செய்திருக்கலாம். நரம்பு மண்டலத்துக்குள் மூண்ட அழற்சியை அது தணிக்குமா என்ற கேள்விக்கு அந்த அழகான வரைபடத்தில் விடையே இல்லை. மருத்துவரிடம் வருபவரோ பார்வை மங்கி, கால் மரத்த பிறகே வருகிறார்.

இந்த ஒரு தவறில் நான் இரண்டு ஆண்டுகளை இழந்தேன். நோய் தொடங்கிய பிறகு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அதுவரை பயன்படுத்திய விலங்குகள் அத்தனையும் வீண். இன்றும் 'சிகிச்சை' என்ற தலைப்போடு வரும் கட்டுரையில் முதல் நாள் ஊசியைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு சுண்டெலிக்கும் வால் தளரும் நாள்வரை காத்திருங்கள். நோயின் கடுமைக்கு இடும் அன்றைய மதிப்பெண் இரு குழுக்களிலும் சமமாக இருக்கும்படி, குலுக்கல் முறையில் பிரியுங்கள்.

அப்படிச் செய்தாலும் விலங்கு மனிதராகிவிடாது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தபோது விலங்குகளில் நோய் தணிந்தது. அதையே செய்யும் லெனர்செப்ட் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நோய்த் தாக்குதல்கள் அதிகரித்தன. அந்த முடிவு 1999இல் வெளியானது. ஆனால் 2004இல் அனுமதி பெற்ற நடாலிசுமாப் என்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மருந்து இதே விலங்குச் சோதனையிலிருந்து கிளைத்ததுதான். ஆகவே இம்முறையை ஒதுக்கச் சொல்லவில்லை.

ஐபா1 ஏறியதெல்லாம் மைக்ரோக்லியா என்பது

ஐபா1 என்பது செல்களை இனங்காணச் சாயமேற்றிப் பார்க்கும் ஒரு புரத அடையாளம்; மைக்ரோக்லியா மூளையிலேயே வாழும் எதிர்ப்புச் செல்கள். இரத்தத்திலிருந்து நுழைந்த மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களிலும் அந்தச் சாயம் ஏறும். பி2ஆர்ஒய்12 அடையாளம் மைக்ரோக்லியாவுக்கு உரியதுதான்; ஆனால் அழற்சியில் அந்தச் செல்கள் அதை இழந்துவிடுகின்றன. ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள்.

இரத்தத்தைக் கழுவாமல் மூளையை எடுப்பது

எடுக்காதீர்கள்.

எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று தெரிந்தே மதிப்பெண் இடுவது

வேறொருவர் இடட்டும்.

மதிப்பெண்ணை அளவுகோல் போல் நடத்துவது

வால் தளர்ந்தால் 1, பின்னங்கால்கள் முழுதும் செயலிழந்தால் 3. இவை வரிசை எண்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ளதற்குச் சமமல்ல. சராசரிகளை ஒப்பிடும் 'டி சோதனை'யை (t-test) செய்யாமல், தரவரிசையை ஒப்பிடும் சோதனையைச் செய்யுங்கள்.