கணினியில் ராம் மாற்றியபின் திரை வரவில்லையா?

புது ராம் (கணினியின் தற்காலிக நினைவகத் தகடு) போட்டதும் திரை கறுப்பாகவே நின்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் அடியிலுள்ள பொன்னிறப் பட்டைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேயுங்கள். துகளைத் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டி, ஓரத்துக் கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்துங்கள். பெரும்பாலும் முழுதாக உட்காராததுதான் காரணம். விரல் பிசுக்கும் தூசியும்கூட மின்தொடர்பைக் கெடுக்கும். முற்றம் திறந்த காரைக்குடி வீடுகளில் தூசிக்குச் சொல்லவே வேண்டாம், ராம் மாட்டும் பள்ளத்தையும் பிரஷால் தட்டிவிடுங்கள். சரி, அப்புறமும் வரவில்லையா? ஒவ்வொரு ராமாகத் தனியே போட்டுப் பாருங்கள், கெட்டது எதுவென்று தெரிந்துவிடும்.

டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ராமின் வெவ்வேறு தலைமுறைகள். டிடிஆர்3 மதர்போர்டுக்கு (ராம் மாட்டும் முதன்மைப் பலகை) டிடிஆர்4 வாங்கியிருந்தால் மட்டும் இது உதவாது. ராமின் அடி விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. தயவுசெய்து அழுத்தாதீர்கள், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.