கார்டு இல்லையென்று புற்றுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் பலரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய்ப்புற்று, பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் இலவசம். அதற்குக் காப்பீடு தேவையில்லை. கருப்பைவாய்ப் பரிசோதனை என்றதும் பலர் பயப்படுகிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இதில் உண்மையான செலவு ஒரு நாள் கூலிதான். கொழுந்து குறைகிற பனிக்காலத்தில் போய்விட்டு வந்தால் அதுவும் அவ்வளவாகத் தெரியாது.

அட்டை இருக்கிறது, தனியார் மருத்துவமனையில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது இன்னொரு தவறு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருவது முக்கியமாகச் சிகிச்சைக்கு. நலமாக இருப்பவரின் பரிசோதனைக்கு அதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

அதற்காக அட்டையே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. கட்டி என்று தெரிந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதைப் போன்ற கொடுமை வேறில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஊட்டி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பந்தலூர்க்காரருக்கு அதுவே ஒரு நாள் பொழுது. பெரும்பாலும் சிக்குவது பெயரில். கோத்தகிரிக்கு மருமகளாக வந்து பிள்ளை பெற்று வளர்த்த பிறகும், பெயர் மேட்டுப்பாளையத்துத் தாய்வீட்டுக் குடும்ப அட்டையிலேயே கிடக்கும். கோயம்புத்தூரில் படுக்கையில் சேர்க்கிற நேரத்தில்தான் அது வெளியே வரும். மாற்றுவதை இப்போதே மாற்றிவிடுங்கள்.

தனியார் பாலிசி எடுப்பவர்கள் செய்வது வேறு: மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் அதை மறைத்துப் பாலிசி வாங்குவது. விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே இருந்த நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். மறைத்தது தெரிந்தால் பணமே மறுக்கப்படலாம். அரசுத் திட்டத்தில் இந்தக் காத்திருப்பு கிடையாது. தகுதி இருந்தால், நோய் தெரிந்த பிறகும் சேரலாம்.