ஜாவா மெதட்டில் 256ஆவது பரமானம் ஏன் ஏறாது?

ஜாவா நிரல்மொழியில் இரண்டு எண்களைக் கூட்டும் மெதட்டை, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் பகுதியை, எழுதப் பழகியவர்களிடம், வெள்ளவத்தையிலுள்ள ஒரு பலசரக்குக் கடையின் ஓராண்டு வசூலைக் கூட்டச் சொன்னால், நாளுக்கு ஒன்றாக 365 பரமானங்களை (மெதட் பெறும் உள்ளீடுகளை) எழுத முனைவதுண்டு. ஒரு மெதட்டின் பரமானங்கள் 255 இடங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது, ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளான ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் விதி. அந்த எல்லையைச் செய்தே பார்ப்போம்.

முதலில், தலா ஓரிடம் பிடிக்கும் 'இன்ட்' (முழு எண்) வகைப் பரமானங்கள் 255 கொண்ட ஸ்டற்றிக் மெதட் ஒன்றை, அதாவது பொருள் (ஒப்ஜெக்ட்) எதுவும் இன்றியே அழைக்கக்கூடிய ஒன்றை, உருவாக்குங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். ஒரு ஃபோர் லூப் மூலம் பெயர்களைத் திரையில் அச்சிட்டு, பிரதிசெய்து, அடைப்புக்குறிக்குள் ஒட்டினால் போதும். கடைசிப் பெயருக்குப் பின் காற்புள்ளி எஞ்சியிருந்தால் அகற்றிவிடுங்கள். இல்லையேல் நாம் தேடாத வேறொரு பிழை வந்து குழப்பும். இந்த மெதட் சிக்கலின்றித் தொகுக்கப்படும். இன்னுமொன்றைச் சேர்த்ததும், பரமானங்கள் மிகையாக உள்ளன என்று கூறித் தொகுப்பான் (நிரலை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) மறுத்துவிடும்.

அடுத்து, சேர்த்ததை நீக்கி, 'ஸ்டற்றிக்' என்ற சொல்லை மட்டும் அழியுங்கள். எண்ணிக்கை 255ஆகவே இருந்தும் அதே பிழை திரும்பும். ஸ்டற்றிக் அல்லாத மெதட்டுக்கு, எந்தப் பொருளின் மீது அது அழைக்கப்படுகிறதோ அந்தப் பொருளும் மறைமுகமாகக் கடத்தப்படுவதால், ஓர் இடம் அதற்குப் போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது 254.

வசூலைச் சதக் கணக்கில் வைத்திருக்க விரும்பி, பெரிய முழு எண்களுக்கான 'லோங்' வகைக்கு மாறினால் நிலைமை இன்னும் இறுகும். லோங், டபிள் (தசம எண் வகை) ஆகிய இரண்டும் தலா ஈரிடங்களைப் பிடிப்பதால், ஸ்டற்றிக் மெதட்டிலும் 127 லோங் பரமானங்களே அடங்கும். சாதாரண ஆண்டொன்றில் கடைக்கணக்கு மே 7ஆம் திகதியோடு நின்றுவிடும்.

255 என்பது தன்னிச்சையாகப் பிறந்த எண்ணன்று. இன்டர்ஃபேஸ் (மெதட்டுகளின் வடிவத்தை அறிவிக்கும் வகை) மெதட்டை அழைக்கும் பைட்கோட் கட்டளையில், அதாவது தொகுப்பான் உருவாக்கித் தரும் கட்டளையில், இடங்களின் எண்ணிக்கையைக் குறிக்க ஒரு பைட்டே ஒதுக்கப்பட்டுள்ளது. 8 பிட்டுகளில் அடங்கும் மிகப்பெரிய எண் அதுதான்.

இனி 'லோங்' என்பதை அடுத்து மூன்று புள்ளிகளையும் ஒரு பெயரையும் இட்டு, ஒரேயொரு பரமானத்துடன் மெதட்டைத் திருத்துங்கள். இவ்வசதி 2004இல் ஜாவா 5உடன் வந்தது. நீங்கள் 365 பெறுமதிகளைக் கொடுத்தாலும் தொகுப்பான் அவற்றை ஓர் அணியாக (பெறுமதிகளின் வரிசையாக) கட்டி அனுப்பும். அந்த அணி பிடிப்பது ஓரிடமே. ஒரு மெதட்டில் இத்தகைய பரமானம் ஒன்றுதான் இருக்கலாம், அதுவும் கடைசியில்.

ஆயினும் பெறுமதிகளை நிரலுக்குள்ளேயே எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல்லாயிரமாகப் பெருகினால், ஒரு மெதட்டின் பைட்கோட் 65,535 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்ற இன்னொரு எல்லை குறுக்கிடும். வசூலைக் கோப்பிலிருந்து வாசித்து அணியில் இட்டு, அந்த அணியையே கொடுங்கள். மூன்று புள்ளி மெதட் அதையும் அப்படியே ஏற்கும்.