ஸ்ப்ராக்கெட் மாற்றிய பைக்கில் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது எப்படி?

முன் ஸ்ப்ராக்கெட்டை (கியர்பாக்ஸ் பக்கம் செயின் மாட்டும் பல்சக்கரம்) 14 பல்லிலிருந்து 15-க்கு மாற்றினால் எல்லா பைக்கிலும் மீட்டர் தப்பாகக் காட்டும் என்றில்லை. முதலில் மீட்டருக்கு வேகம் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். முன் சக்கரத்திலிருந்து கேபிளோ சென்சாரோ போனால் கவலையே இல்லை. அதில் முன் டயர் அளவை மாற்றினால்தான் கணக்கு தப்பும் (100/90-17க்குப் பதில் 110/90-17 போட்டால் சுமார் 3% குறைத்துக் காட்டும்). சென்சார் ஸ்ப்ராக்கெட் கவர் பக்கம், கியர்பாக்ஸில் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

15 ÷ 14 = 1.071. அதாவது மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், அதற்கு +7.1% திருத்தம் தேவை. பின் ஸ்ப்ராக்கெட்டை 42-லிருந்து 45 ஆக்கினால் தலைகீழ்: 42 ÷ 45 = 0.933, திருத்தம் −6.7%. பலர் தடுமாறுவது இந்தக் கூட்டல், கழித்தலில்தான்.

ஆனால் கம்பெனி மீட்டர்களே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பழைய ஸ்ப்ராக்கெட்டில் மீட்டர் 60 காட்டும்போது ஜிபிஎஸ் 57 காட்டியிருந்தால், இப்போது அதே 60-க்கு நிஜ வேகம் 61தான். +7.1% வைத்தால் பழைய கூட்டல் அப்படியே திரும்பும், +1.8% வைத்தால் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகும். மீட்டர் ஒரு துளி கூட்டிக் காட்டுவதே நல்லது. ஜிபிஎஸ் சற்றுத் தாமதமாகக் காட்டும் என்பதால், நேரான ரோட்டில் ஒரே வேகத்தில் பத்து விநாடியாவது ஓட்டுங்கள். எண்களைப் பின்னால் இருப்பவர் குறிக்கட்டும்.

திருத்துவதற்கு ஸ்பீடோ ஹீலர் வகைக் கருவி (சென்சார் சிக்னலை நீங்கள் வைக்கும் சதவீதப்படி திருத்தி மீட்டருக்கு அனுப்புவது) போதும். சென்சார் கனெக்டரில் பெரும்பாலும் மூன்று ஒயர்: பவர், எர்த், சிக்னல். மெயின் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் சாவியை ஆன் செய்து, கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையை வையுங்கள். பின் சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றும்போது வோல்டேஜ் ஏறி இறங்குவதே சிக்னல் ஒயர். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் வெட்டுங்கள். சென்சார் பக்க முனை கருவியின் இன்புட்டுக்கு, மீட்டர் பக்க முனை அவுட்புட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கும். வேகம் துள்ளினால் எர்த் இணைப்பைப் பாருங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது முதல் மழை வரைக்கும்தான். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி ஒயரை இறுகப் பிடிக்கும் உறை) போடுங்கள்.

ஏபிஎஸ் சென்சார் ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள், பிரேக் சமாச்சாரம் அது. மீட்டர் முள்ளைப் பிடுங்கித் தள்ளி வைப்பதும் வேண்டாம்: ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும், கிலோமீட்டர் கணக்கு தப்பாகவே ஓடும்.

மாட்டி முடித்ததும் 40-லும் 60-லும் ஜிபிஎஸ்ஸோடு மறுபடி ஒப்பிடுங்கள். செயின் தளர்வையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு பல் கூடியதில் செயின் இறுகியிருக்கும்.