தள்ளாடும் நாய், மூளையில் நீர்க்கட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர் போன வாரம் ஒரு எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டி, “நீர்க்கட்டி இருக்கு சார், அதனாலதான் தள்ளாடுது” என்றார். அதே வார்த்தையை, அதே பெருமிதத்தோடு நானும் ஒரு காலத்தில் சொன்னவன்.

கட்டியைப் பார்த்ததும் தேடலை நிறுத்துவது

பக், ஷிட்ஸூ மாதிரியான சப்பை மூக்கு நாய்களுக்குப் பெருமூளையின் பின்பகுதிக்கும் சிறுமூளைக்கும் நடுவே, மூளையைப் போர்த்திய சவ்வில் நீர் தேங்கிக் கட்டியாக இருப்பது அபூர்வமில்லை. பல நாய்கள் அதோடுதான் ஓடியாடுகின்றன. சிறுமூளையை அழுத்தினால் தள்ளாட்டம் வரும், சரி. அழுத்துகிறதா என்று பார்த்தோமா?

என்னிடம் வந்த ஷிட்ஸூ தலையை இடப்பக்கம் சாய்த்து, நடக்கும்போது விழுந்தது. படத்தில் கட்டி. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தேன், நாலே நாளில் நடை தேறியது. வளர்த்தவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். மூன்றாம் வாரம் மறுபடி விழுந்தது, முன்பைவிட மோசமாக. பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், காற்று இருக்க வேண்டிய இடது நடுச்செவி அடைத்துக் கிடக்கிறது. முதல் நாளே அங்கே இருந்ததுதான்; காதுக் கோளாறிலும் இதே தள்ளாட்டம் வரும். என் ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கிவிட்டுக் கிருமிக்கு வழிவிட்டிருக்கிறது.

இதைவிட எரிச்சல், நாயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. இடக்கண் சரியாக இமைக்கவில்லை. முக நரம்பு நடுச்செவியை ஒட்டித்தான் போகிறது. பாதத்தை மடக்கி வைத்தால் நான்கு கால்களையும் உடனே திருப்பிக்கொண்டது. மூளைத்தண்டு அழுந்தியிருந்தால் பெரும்பாலும் அதில் தாமதம் தெரியும். கண்மணி மேலும் கீழுமாகத் துள்ளினால் மூளையைச் சந்தேகிக்கலாம்; இதற்குப் பக்கவாட்டில்தான் துள்ளியது. அத்தனையையும் கேஸ் ஷீட்டில் எழுதியதும் நானேதான்.

அப்புறம் காதுக்குப் பல வாரம் ஆன்டிபயாடிக். நடை திரும்பியது, தலைச்சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. கட்டி அங்கேயேதான் இருந்தது, ஒரு வம்பும் செய்யாமல்.

தலை சாய்ந்த பக்கம்தான் நோய் என்று நம்புவது

சிறுமூளைக் கோளாறில் தலை எதிர்ப்பக்கமும் சாயலாம். கால் தடுமாறும் பக்கத்தை நம்புங்கள்.

மெட்ரோனிடசோல் பற்றிக் கேட்காமல் விடுவது

வயிற்றுப்போக்குக்கு இந்த மருந்தை அதிக அளவிலோ நீண்ட நாளோ கொடுத்திருந்தால் இதே தள்ளாட்டம் வரும். ஸ்கேனுக்கு முன்பே கேளுங்கள்.

ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவது

வேண்டாம். படிப்படியாகக் குறையுங்கள்.

அறுவைக்கு அவசரப்படுவது

கட்டிதான் காரணம் என்று உறுதியானாலும், நிலைமை கைமீறாதவரை மருந்துதான் முதலில். அதற்குப் பணியாவிட்டால் கட்டியைத் திறந்துவிடலாம், அல்லது நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ஷண்ட் குழாய் வைக்கலாம். குழாய் அடைத்துக்கொள்ளும், தொற்றும் வரலாம். இதை வளர்ப்பவரிடம் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.