சி.பி.யு.வில் சத்தம்: ஃபேனை மாற்றும் முன்

"சி.பி.யு.வுல ஒரே சத்தம்" என்று சொன்னால் அதிலிருந்து எதுவும் தெரியாது. நம் பக்கம் மொத்தப் பெட்டிக்கும் சி.பி.யு. என்றுதான் பெயர். அந்தப் பெட்டிக்குள் பிராசஸர் ஃபேன், கேபினெட் ஃபேன்கள், எஸ்.எம்.பி.எஸ். (பெட்டிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை) ஃபேன், கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன், ஹார்ட் டிஸ்க் என்று சுழலும் சாமான்களே ஐந்தாறு இருக்கின்றன. சுழலாமலே சத்தம் போடும் காயில்களும் (கம்பிச் சுருள்கள்), அதிரும் தகடுகளும் தனிக்கணக்கு. இத்தனையில் எது என்று பார்க்காமல் நேராக ஃபேன் வாங்கப் போவதுதான் முதல் தவறு. புது ஃபேன் போட்ட பிறகும் பழைய சத்தம் அப்படியே இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

தமிழில் சத்தத்தைச் சொல்லும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அது இங்கே நன்றாகவே கைகொடுக்கும். 'ஹோ'வென்று காற்று இரைந்தால் ஃபேனில் கோளாறு இல்லை. அது முழு வேகத்தில் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். 'கரகர' என்றால் பேரிங். சீராக 'டிக் டிக் டிக்' என்று வந்தால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது. காதைத் துளைக்கும் 'உய்ங்' காயிலில் இருந்து வருவது. ஒழுங்கில்லாத 'டக்... டக்' ஹார்ட் டிஸ்க். ஏறி இறங்கி அலை போல வரும் 'ம்ம்ம்' என்ற முனகல், கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு சாமான்களின் அதிர்வு ஒன்றோடொன்று சேர்வதால் வருவது. இரண்டு கேபினெட் ஃபேன்களில் ஒன்றின் வேகத்தை நிமிடத்துக்கு 100 சுற்று கூட்டியோ குறைத்தோ வைத்தால் இந்த அலை நின்றுவிடும். ஒரு பைசா செலவில்லை.

எப்போது வருகிறது என்பதும் முக்கியம். காலையில் ஆன் செய்ததும் கரகரத்து, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டால், ஸ்லீவ் பேரிங் (குண்டுகள் இல்லாமல் எண்ணெயில் சுழலும் குழல் வகை) ஃபேனில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. கேம் ஓடும்போது மட்டும் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் போகலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் என்றால் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இடம் கண்டுபிடிக்கும்போது

ஓடும் ஃபேனை நிறுத்திப் பார்க்க இறக்கைக்குள் பென்சிலையோ ஸ்க்ரூடிரைவரையோ விடுபவர்கள் உண்டு. இறக்கையின் ஓரம் ஒரு துண்டு உடைந்தால் போதும், ஃபேனின் எடைச் சமநிலை கெட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் ஆட்டமும் சத்தமும் முன்பு இருந்ததைவிட மோசம்.

முறை இதுதான். மெஷினை ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, ஒரு கேபினெட் ஃபேனின் கனெக்டரை மட்டும் கழற்றுங்கள். ஆன் செய்து ஒரு நிமிடம் கேளுங்கள். சத்தம் போகவில்லையா, அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். கேபினெட் ஃபேன் இரண்டு மூன்று நிமிடம் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது. பிராசஸர் ஃபேனை மட்டும் இப்படிக் கழற்ற வேண்டாம். பல மதர்போர்டுகள் ஃபேன் எரர் காட்டி பூட் ஆகாமல் நின்றுவிடும். அதை விரல் நுனியால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் நடுக்குமிழில் மெதுவாக அழுத்தி, ஓரிரு விநாடி நிறுத்திப் பார்த்தால் போதும்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா என்று குழப்பமாக இருந்தால் பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைச் சந்தேகப்படும் இடத்துக்கு அருகிலும் வையுங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்புக்கு இது குறைச்சல் இல்லை. தகடு அதிர்கிறதா என்று பார்க்க இன்னும் சுலபம்: பக்கவாட்டுக் கதவை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் திருகுகளை முடுக்கினால் முடிந்தது.

தூசு தட்டும்போது

பஞ்சர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் பெட்டியைக் காட்டித் தூசு எடுப்பது பல ஊர்களில் வழக்கம். அந்த டேங்கில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கியிருக்கும். காற்றோடு அதுவும் போர்டில் தெளிக்கும். வீட்டு வேக்குவம் கிளீனர் முனையில் நிலைமின்சாரம் சேரும் என்பதால் அதுவும் போர்டுக்கு அருகில் ஆகாது. கையில் பிடிக்கும் சின்ன புளோயரும், மென்மையான பெயின்ட் பிரஷ்ஷும் போதும்.

புளோயர் அடிக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கு ஃபேன் 'விர்ர்' என்று சுற்றுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கென்று வைத்த வேகத்தைத் தாண்டிச் சுற்றும்போது பேரிங் அடிவாங்கும். மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டு பக்கம் மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். ஒரு கேபினெட்டை நன்றாகச் சுத்தம் செய்து கொடுத்த மறுநாளே ஃபேன் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வெளியிலிருந்து காற்றடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. அதன் ஃபேன் கரகரத்தால் யூனிட்டையே மாற்றுங்கள், அல்லது பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

எண்ணெய் விடும்போது

கரகரக்கும் ஸ்லீவ் பேரிங் ஃபேனுக்கு எண்ணெய் விட்டால் சில மாதங்கள் ஓட்டலாம். ஆனால் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயை விட்டால், மார்கழிக் குளிரில் கட்டியாகும். நாள்பட்டால் பிசின் போல ஆகி, ஃபேன் ஒரேயடியாக நின்றுவிடும். துரு எடுக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். இரண்டு நாள் அமைதி, பிறகு முன்னைவிட அதிகக் கரகரப்பு.

தையல் மிஷின் எண்ணெய் சரி. நடுவில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி உரித்து, உள்ளே ரப்பர் மூடி இருந்தால் எடுத்து, ஊசி முனையால் இரண்டு சொட்டு. அதற்கு மேல் விட்டால் வழிந்து ஸ்டிக்கர் ஒட்டாது, தூசு சேரும். பால் பேரிங் ஃபேனுக்கும், முழுக்க மூடிய பேரிங் உள்ளதற்கும் இந்த வைத்தியம் பலிக்காது. 120 மில்லிமீட்டர் கேபினெட் ஃபேன் பெரிய விலை இல்லை. எண்ணெய் விட்டும் ஒரு மாதத்தில் மறுபடி கரகரத்தால் மாற்றிவிடுவது மேல்.

'ஹோ' சத்தத்துக்கு ஃபேன் காரணமில்லை

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். ஃபேன் இரைகிறது என்று கனெக்டரைப் பிடுங்கிவிடுவார்கள், அல்லது பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கதவில்லாத பெட்டியில் சத்தமும் நேராக வெளியே வரும், தூசும் நேராக உள்ளே போகும். சூடு குறையுமா என்பது அந்தக் கேபினெட்டின் காற்றோட்டத்தைப் பொறுத்தது. கதவைக் கழற்றியதும் பத்து டிகிரி குறைந்தால் முன்பக்கக் காற்று வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முன்பக்க வலையைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள்.

முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் ஒரு விஷயம் பாருங்கள். மூன்று பின் ஃபேனை நான்கு பின் சாக்கெட்டில் மாட்டியிருந்து, அந்த சாக்கெட் பி.டபிள்யூ.எம். முறையில் (நான்காவது பின் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்துவது) இருந்தால், ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும். மெஷின் சும்மா இருந்தாலும் அது முழு வேகத்தில்தான் ஓடும். அந்த சாக்கெட்டை டி.சி. முறைக்கு மாற்றினால் வோல்ட்டேஜைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஒரே ஒரு செட்டிங்தான். இதைத் தெரியாமல் ஃபேன் செட்டையே மாற்றியவர்கள் உண்டு.

ஃபேன் நிமிடத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. பிரவுசரில் ஒரு டேப் திறந்தாலே இன்றைய பிராசஸர்கள் ஒரு நொடிக்குப் பத்து டிகிரி தாவி உடனே இறங்கும். ஃபேன் அந்தத் தாவல் ஒவ்வொன்றுக்கும் ஓடுகிறது. பயாஸில் ஃபேன் அமைப்பில் 'ஸ்டெப் அப்' போன்ற பெயரில் தாமத நேரம் இருக்கும். அதைக் கூட்டி வையுங்கள், மூன்று நான்கு விநாடி இருந்தால் போதும். சூட்டுக்கு ஏற்ப ஃபேன் வேகம் ஏறும் கணக்கை (ஃபேன் கர்வ்) 50 டிகிரி வரை 35 சதவீதம், 70-இல் 65 சதவீதம், 85-இல் முழு வேகம் என்று தொடங்கிப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி இருக்கும்போது, குளிரூட்டிய அறையில் எடுத்த கணக்கை அப்படியே வைத்தால் ஃபேன் அடங்கவே அடங்காது. வேகம் ஏறத் தொடங்கும் புள்ளியை ஐந்து டிகிரி மேலே தள்ளி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தொட்டால் கூலர் (பிராசஸர் மேல் ஃபேனோடு உட்காரும் உலோகத் துண்டு) சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அதில் ஒன்று கழன்றாலும் கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும். மெதுவாக ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். அதைத் திரும்ப அழுத்துவதோடு விடக்கூடாது. தூக்கிய கூலருக்குக் கீழே பேஸ்டில் காற்று புகுந்திருக்கும். முழுக்கக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். பேஸ்ட் நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்பதில்லை; மிச்சம் ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான்.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் ரைசன் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. குளிர்ந்த நிலையில் கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்துவிடும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை ஓட்டி, ஷட்டவுன் செய்து, சூடு ஆறுமுன் கூலரை இடமும் வலமும் திருகி விடுவித்து எடுங்கள்.

'டக் டக்' கேட்டால்

மற்ற எந்தச் சத்தத்துக்கும் அவசரம் இல்லை, இதற்கு உண்டு. ஹார்ட் டிஸ்க் புதிதாக டக் டக் என்று அடிக்கத் தொடங்கினால், டிஸ்க் செக் ஓட்டுவது, டிஃப்ராக் செய்வது இரண்டும் தவறு. நின்றுபோகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கச் சொல்வது அது. முதலில் இழக்க முடியாத ஃபைல்களை மட்டும் வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில், கெட்டுப்போன இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். அவற்றின் அசல் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

ஆனால் முனகல் மட்டும் என்றால் பயம் வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. அதை இரண்டே திருகில் தொங்கவிட்டிருந்தால் கேபினெட்டே ஸ்பீக்கராகிவிடும். நான்கு திருகும் போட்டு, இடையில் ரப்பர் வாஷர் வையுங்கள்.

'உய்ங்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிராஃபிக்ஸ் கார்டிலோ எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ உள்ள காயில், மின்னோட்டம் மாறும் வேகத்துக்கு அதிர்கிறது. காதுக்குத் தொல்லை, கார்டுக்கு ஆபத்தில்லை. கேமின் மெனு திரையில் நொடிக்கு ஆயிரம் ஃபிரேம் ஓடும்போதுதான் அதிகம் கத்தும். ஃபிரேம் எண்ணிக்கையை மானிட்டர் அளவுக்கு, 60 அல்லது 144-க்குக் கட்டிவிடுங்கள். இதற்கு ஃபேன் மாற்றுவது வீண்.

ஸ்பீக்கரில் வரும் இரைச்சல்

மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'சர்ர்' என்று கேட்டால், முன்பக்க ஆடியோ வயர் உள்ளே கிராஃபிக்ஸ் கார்டையும் மற்ற வயர்களையும் உரசிக்கொண்டு போகிறது. பின்பக்க ஜாக்குக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் இருந்தால் ஒரு சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு தீர்த்துவிடும். விட்டுவிட்டு வரும் 'டட் டட் டட்' என்றால் பக்கத்தில் 2ஜி-யில் ஒரு போன் இருக்கிறது; தள்ளி வையுங்கள்.

விடாமல் வரும் 50 ஹெர்ட்ஸ் 'ங்ங்ங்' வேறு. ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, சார்ஜில் இல்லாத போனில் மாட்டிப் பாருங்கள். அங்கே அமைதி என்றால் எர்த் சுற்று (கிரவுண்டு லூப்), அதாவது இரண்டு கருவிகளின் எர்த்தும் ஆடியோ வயர் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்து வரும் இரைச்சல். ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள், போகாவிட்டால் ஆடியோ வயரில் கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் போடுங்கள். இங்கே யாராவது "எர்த் பின்னைக் கழட்டிடு, சத்தம் போயிடும்" என்று யோசனை சொல்வார்கள். சத்தம் போகும்தான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி கெப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் 115 வோல்ட் அளவுக்கு மிதக்கும். தொட்டால் சுரீர் என்பது அதுதான். உள்ளே ஏதாவது உண்மையிலேயே பழுதானால் சுரீரோடு நிற்காது. இப்போதே சுரீர் என்கிறதென்றால் சுவரில் எர்த் வயரே வரவில்லை என்று வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும்.

கரண்ட் போனால் மட்டும் முனகும் மெஷினுக்கு வருவோம். அதே நேரம் சீலிங் ஃபேனும் முனகுகிறதா என்று அண்ணாந்து கேளுங்கள். முனகினால் வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் (மின்சாரத்தைச் சதுர அலையாகத் தரும்) இன்வெர்ட்டர், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்பீக்கருக்கும் அந்த மின்சாரம் ஒத்துவருவதில்லை. பெட்டிக்குள் எதை மாற்றினாலும் இது போகாது. அடுத்த முறை இன்வெர்ட்டர் மாற்றும்போது சைன் வேவ் (லைன் மின்சாரம் போலவே சீரான அலை) என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து மெஷினை அணைத்துவிடலாம்.